கல்யாண வழியில் நின்ற கோழி லொறி

கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஒரு கல்யாணம். வெள்ளவத்தையிலிருந்து அக்காவும் நானும் முச்சக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். கோயிலுக்குச் சற்று முன்னால், கொளுத்தும் வெயிலில், ஒரு கோழி லொறி பழுதாகி நின்றது. மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டுக் கம்பிக்குள் தெரிந்த கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. கோழிப்பண்ணைகளில் வேலைசெய்யும் மிருக வைத்தியர் நான். அதைப் பார்த்தபின் வண்டியில் இருக்க முடியவில்லை.

"நிப்பாட்டுங்கோ."

"நீ கலியாணத்துக்கு வந்தனியோ, வேலைக்கு வந்தனியோ? தாலி கட்டப்போகினம்," என்றா அக்கா.

"நீங்கள் போங்கோ, வாறன்."

லொறிச் சாரதி நடுத்தர வயது முஸ்லிம் மனிதர். 'நானா' என்று அண்ணன் முறையில் அழைத்து, நான் யாரென்று சொன்னேன்.

"மெக்கானிக் வாறாரு மிஸ். பாயக் கழட்ட வாணாண்டு முதலாளி சொல்லீக்கிறார். மணக்குதுண்டு சனம் கத்துமாம்."

"நானா, லொறி ஓடேக்க காத்துப் படும். நிண்டா உள்ளுக்குள்ள வெந்து செத்திடும். கழட்டுங்கோ."

கழற்றினார். சூடான ஆவி முகத்தில் அடித்தது. எதிரே இருந்த இரும்புக்கடையின் கூரை நிழலைக் கேட்கத் திரும்பினேன். எனக்கு முன்பே அக்கா அங்கே நின்று கடைக்காரரோடு சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தா. கல்யாணத்துக்குப் போகவில்லை.

சாரதியும் நானும் பெட்டிகளை இறக்கி, இடைவெளிவிட்டு நிழலில் பரப்பினோம். கடைக்காரர் பெரிய மின்விசிறியைத் தந்தார். அக்கா தண்ணீர்க் குழாயோடு வந்தா.

"முதல்ல காத்து, பிறகு தண்ணி," என்றேன். காற்றில்லாமல் நனைத்தால் புழுக்கம் கூடும். விசிறி சுழன்றபின் மெல்லத் தெளித்தோம். கொஞ்ச நேரத்தில் தொங்கியிருந்த தலைகள் நிமிரத் தொடங்கின. என் பட்டுச் சேலையின் கரை முழுவதும் எச்சம்.

செத்தவற்றைப் பிரித்து ஒரு சாக்கில் போட்டேன். சாரதி முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தயக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"செத்தத ஐஸ்ல போட்டுக் கொண்டுவரட்டாம் மிஸ். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் எடுப்பானாம்."

தொலைபேசியைக் கேட்டு வாங்கி, நான் யாரென்று சொல்லி, அது சட்டப்படி கூடாது என்றேன்.

"உங்கட பண்ணையில போய்ச் சட்டம் கதையுங்கோ," என்றார் முதலாளி.

"செத்த கோழியில ரத்தம் வடியாம உள்ளுக்கே நிக்கும். இந்த வெயிலுக்கு இப்பவே பழுதாகத் தொடங்கியிருக்கும். சனத்துக்குக் குடுக்க விடமாட்டன்."

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் தரை கழுவும் பினைல் வாங்கி வந்தேன். அதற்குள் சாரதியே சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தார்.

"ஊத்துங்க மிஸ். செத்தது எங்களுக்கு ஹராம். மத்தவனுக்கு மட்டும் எப்படிக் குடுக்கிற?"

முழுப் போத்தலையும் ஊற்றினேன். இனி எந்த அடுப்பிலும் அது ஏறாது. மெக்கானிக் வந்து திருத்த, பெட்டிகளையும் சாக்கையும் ஏற்றிக்கொண்டு லொறி புறப்பட்டபின் கடை வாசலைக் கழுவி, எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினோம்.

தாலி கட்டி முடிந்திருந்தது. கோழி நாற்றத்தில் மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அக்கா கூசாமல் இரண்டாம் தரம் பாயாசம் கேட்டு வாங்கினா.

முதலாளி என் மேலதிகாரியிடம் முறையிட்டார். "அப்படித்தான் செய்தனான், இனியும் செய்வன்," என்றேன். மேலதிகாரி அதோடு விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் சாரதி தொலைபேசியில் அழைத்தார். விடியுமுன் கோழிகளை ஏற்றினால் மட்டும்தான் வருவேன், தார்ப்பாய் கட்டமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாராம். வேறு சாரதி கிடைக்காததால் முதலாளியும் ஒத்துக்கொண்டாராம்.