யூகோஸ்லாவியாவின் இரண்டு ரசிகர்கள்

நான் ஆதரித்த காற்பந்து அணி இப்போது உலகத்தில் இல்லை. அது என் நாட்டு அணியும் இல்லை. யூகோஸ்லாவியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாத காலத்திலேயே அதன் ரசிகனாகிவிட்டேன். காரணம் காற்பந்து இல்லை. பக்கத்து அறையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது, எனக்குப் பேச ஆள் இருக்கவில்லை.

லண்டனின் லூயிஷாமில், சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் அவர். யூகோஸ்லாவியாவில் சரயேவோ நகரத்துக்காரர், என்னைவிட நன்றாக மூத்தவர், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட். லண்டனில் தமிழர் இல்லாமலில்லை. வாடகை நாளில் மட்டும் தலைகாட்டும் வீட்டுக்காரரே எங்கள் ஆள்தான். கோயிலுக்குப் போனால் இன்னும் நிறையப் பேரைக் காணலாம். குடும்பம் குடும்பமாக வருவார்கள். "தம்பி இன்னும் தனியவோ?" என்று கேட்பார்கள். பதிலுக்கு நிற்காமல் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி நாலு தடவை நடந்த பிறகு நான் கோயிலுக்கே போகவில்லை. எனக்குக் கோபம் வந்தால் சாமியோடும் கதையில்லை.

தொண்ணூறாம் ஆண்டு உலகக் கிண்ணம் தொடங்கியபோது அவர் என் கதவைத் தட்டினார்.

"தனிய இருந்து பார்த்தால் விசர் பிடிக்கும். வாரும்."

எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டி ஆங்கிலம். அதனால் அவர் பேசியதெல்லாம் என் நினைவில் யாழ்ப்பாணத் தமிழில்தான் இருக்கிறது. யூகோஸ்லாவியா ஸ்பெயினை வென்ற அன்று அவர் துள்ளியெழுந்து, பெயிண்ட் மணக்கும் கைகளால் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. கோல் போட்டவர் யாரென்று மறந்துவிட்டது. அந்தப் பிடி மறக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில், ஆர்ஜென்டினாவுக்கு எதிராக, ஓர் ஆள் குறைவாக நின்று கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். பெனால்டியில் போனது. "அடுத்த முறை பாரும்," என்றார்.

எழும்பும்போதெல்லாம் நான் "போயிட்டு வாறன்" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்வேன். அவருக்குச் சிரிப்பு.

"எங்கை போறீர்? சுவருக்கு மற்றப் பக்கம்தானே?"

"எங்கடை ஆக்கள் 'போறன்' எண்டு சொல்லமாட்டினம் அண்ணை. திரும்பி வருவம் எண்டு சொல்லித்தான் எழும்புவம்."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு காலையில் வேலைக்குப் புறப்படும்போது அவரும் என் கதவைத் தட்டி அதையே சொல்லிவிட்டுப் போவார். இந்த நகரத்தில் ஒருவர் திரும்பி வருவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

தொண்ணூற்றிரண்டில் ஐரோப்பியக் கிண்ணம், சுவீடனில். யூகோஸ்லாவியா தகுதி பெற்றிருந்தது. ஆனால் அதற்குள் அந்த நாடு துண்டு துண்டாகிவிட்டது. அவருடைய ஊரைச் சுற்றிவளைத்துக் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். தாய் உள்ளே அகப்பட்டிருந்தார். போட்டிக்குச் சில நாள் முன்னர், சுவீடனில் போய் இறங்கியிருந்த அணியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அதன் இடத்துக்கு டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள். வந்திறங்கியவர்களைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஆட்கள் அறியாத விஷயமில்லை.

நான் வேலையால் வந்தபோது அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அதற்கு முன்னாலேயே இருந்தார். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சமைத்துக் கொண்டுபோவார்கள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் பேசாமல் இருந்தேன். பிறகு பேசாமல் எழும்பி வந்தேன். செத்த வீட்டில் யாராவது "போயிட்டு வாறன்" என்று சொல்வார்களா?

மறுநாள் காலை என் கதவு தட்டப்படவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கடைசியில் சமையலறையில் நானே வழிமறித்துக் கேட்டேன்.

"எல்லாரும் விட்டிட்டுப் போயிட்டினம்," என்றார். "நீரும் ஒரு சொல்லுச் சொல்லாமல் எழும்பிப் போனீர்."

வழக்கத்தை விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. முகம் சிவந்துவிட்டது.

"என்ரை அம்மா அங்கை உயிரோடை இருக்கிறா! ஆரும் சாகேல்லை!"

தாய்க்காகத் தவித்துக்கொண்டிருந்தவர் வீட்டைச் செத்த வீடாக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் எனக்கும் மூக்குக்கு மேலே கோபம்.

"அப்ப என்ரை புட்டைத் திருப்பித் தாங்கோ."

அவர் என்னையே பார்த்தார். "அது முடிஞ்சுது," என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். டென்மார்க் கிண்ணத்தை வென்ற ஆட்டத்தையும் சேர்ந்தே பார்த்தோம். "எங்கடை கதிரையிலை இருந்து வெண்டிட்டாங்கள்," என்றார். காலையில் கதவு மறுபடி தட்டப்பட்டது.

இரண்டு வருடம் கழித்துக் கனடாவிலிருந்து தம்பி ஃபோன் எடுத்தான். ஊரில் அப்பா செத்துவிட்டார். செய்தி வெளியே வந்து சேர்வதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. நான் அழவும் தெரியாமல் கட்டிலில் இருந்தேன். பின்னேரம் அவர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சொன்னேன். திரும்பிப் போய்ப் பாணும் சீஸும் அவித்த முட்டையும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். கட்டில் நுனியில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நெடுநேரம் கழித்து எழும்பினார், கதவடியில் கொஞ்சம் நின்றார், சொல்லிக்கொள்ளாமல் போனார். லண்டனில் எனக்கும் செத்த வீட்டுக்கு வர ஓர் ஆள் இருக்கிறார் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவர் அறை திறந்து கிடந்தது. உள்ளே வீட்டுக்காரர் நின்றார்.

"அவர் விடியவே அவுஸ்திரேலியாவுக்குப் போயிட்டார், தம்பி. தாயை வெளியிலை எடுத்தாச்சாம், விசாவும் சட்டெண்டு வந்திட்டுதாம். ரீவி உமக்காம். நேற்று உமக்குச் சொல்லத்தான் வந்தவராம், செத்த வீட்டிலை சொல்லக்கூடாது எண்டு விட்டிட்டாராம். உந்த வெள்ளைக்காரனுக்கு உதெல்லாம் ஆர் சொல்லிக்குடுத்தது?"

நான் ரீவியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தேன்.

தொண்ணூற்றெட்டு உலகக் கிண்ணத்தில் குரோவேஷியா தனியாக விளையாடியது. யூகோஸ்லாவியா என்ற பெயரில் மிச்சம் மீதியும் விளையாடியது. அவருடைய தாயின் ஆட்கள் ஒரு பக்கம், தகப்பனின் ஆட்கள் மற்றப் பக்கம். எதற்குக் கை தட்டியிருப்பார் என்று தெரியாமல், அவர் விட்டுப்போன பெட்டிக்கு முன்னால் சும்மா இருந்து பார்த்தேன். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது. அன்றைக்கு ஒரு தடவை, பொய்க்காவது, திரும்பி வருவேன் என்று அவர் சொல்லியிருக்கலாம்.