குறைந்துபோன ஒன்றேகால் ராத்தல்

செவ்வாய்க்கிழமை காலை உலை கொதித்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்து ஆயா பாப்பாத்தி பஸ்ஸில் ராஜபாளையம் வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஞானவடிவு டீச்சர் போயிட்டாவம்மா. மூணு நாள் காய்ச்சலு. நேத்து சாயங்காலம் கஞ்சி குடிச்சாவ, காலையில எழுப்பப் போனா அசையல" என்றாள். முந்தானையைப் பிழிந்துகொண்டே, "இன்னைக்கு மூணு மணிக்கு அடக்கம். பருத்தி முதலாளி வீட்டுத் தலைவியம்மாவும் வாராவளாம்" என்றும் சொன்னாள்.

அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இறந்தவர்களைப் பற்றிச் சாந்தமாக எழுதவேண்டும் என்பார்கள். என்னால் முடியாது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாவிட்டால் மூடி வைத்துவிடுங்கள்.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானவடிவு டீச்சருக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் தையல் டீச்சராக இருந்தார்கள். ஒல்லியான உடம்பு, கனத்த குரல். கொண்டையில் எப்போதும் ஒரு பின்னல் ஊசியைச் செருகியிருப்பார்கள். பிள்ளைகள் அதைக் கேலி செய்வது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்ததில்லை. நான் கணக்கு டீச்சராக அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஆசிரியைகள் தங்கும் வீட்டில் அவர்களுடைய அறையில்தான் எனக்கும் கட்டில் போட்டார்கள். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் தராசு பிடிப்பவர். சனி, ஞாயிறு மட்டும் நான் அங்கே போவேன். மற்ற ஐந்து நாளும் டீச்சரும் நானும்தான்.

தையல் பரீட்சைக்கு ஒவ்வொரு பிள்ளையும் உல்லன் நூலில் ஒரு ஜோடிக் காலுறை பின்னிக் காட்டவேண்டும் என்று சட்டம். பனியே பெய்யாத ஊரில், செருப்பே போடாத பிள்ளைகள்! நான் சிரித்தேன். "இந்த வெயில்ல உல்லன் காலுறை யாருக்கு அக்கா?" என்றேன்.

"ஏட்டி, பரீட்சைக்கு. பரீட்சைக்குத்தான் குளிருது" என்றார்கள்.

உல்லன் விலையில் ஏழை வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுத முடியாது. அதனால் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பரீட்சை முடிந்து காலுறைகள் திரும்பி வந்ததும் பிரித்துவிடுவார்கள். நூலை நுரைக்கும் பூவந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சுற்றி வைப்பார்கள். அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு அதே நூல். ஒரே நூல் நான்கு வருஷம் பரீட்சை எழுதி நான்கு வருஷமும் பாஸ் பண்ணியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்டி எறியும் துணுக்குகளைக்கூட ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைப்பார்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் நூல் திருடி என்றார்கள்.

யுத்தம் தொடங்கிய பிறகு ஊரில் பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் சேர்ந்து சிப்பாய்களுக்கு உதவ ஒரு குழு அமைத்தார்கள். அதன் தலைவியம்மா எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருந்தவர். அவர் வீட்டுக்காரர் பருத்தி மொத்த வியாபாரி. என் வீட்டுக்காரருக்கு முதலாளி. எங்கிருந்தோ காக்கி உல்லன் நூல் வரவழைத்து, எங்கள் பிள்ளைகளிடம் காலுறையும் கழுத்துத் துண்டும் பின்னித் தரச் சொன்னார்கள்.

பருத்தி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் நிறுத்துக் கொடுப்பார்கள், நிறுத்தே திருப்பி வாங்குவார்கள். அது கார்த்திகை மாதம். நான்கு நாள் விடாத மழை. கடைத் தராசையே வண்டியில் கொண்டுவந்து பள்ளித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு, இருபது ராத்தல் என்று நிறுத்துக் கொடுத்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு நூல்கண்டை எடுத்துப் பார்த்தேன். கைக்குக் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சிக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பிள்ளைகள் நான்கு மாதம் பின்னினார்கள். ராஜாமணி என்று ஒரு பிள்ளை. அவள் தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சுச் சளி. மிஞ்சும் துணுக்கு நூலில் அவனுக்கு ஒரு குல்லா பின்னிக்கொள்ளலாமா என்று டீச்சரிடம் வந்து கேட்டாள்.

"அது சிப்பாய் நூலு தாயி. ஒரு இழைகூட நம்மது இல்ல" என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனது.

பங்குனியில் அதே தாழ்வாரம், அதே தராசு. கல்தரையில் கால் வைக்க முடியாத வெயில். பின்னி முடித்தவை, மிச்ச நூல், டப்பாவிலிருந்த துணுக்கு எல்லாவற்றையும் தட்டில் வைத்தார்கள். பதினெட்டே முக்கால்தான் நின்றது.

"ஒண்ணேகால் ராத்தல் குறையுது டீச்சர். நூலுக்குக் காலா மொளைச்சிரும்?" என்றார் தலைவியம்மா.

"ஒரு இழை வெளிய போகலம்மா. இன்னொருக்க நிறுங்க" என்றார்கள் டீச்சர். இன்னொரு தடவையும் நிறுத்தார்கள். அதே பதினெட்டே முக்கால்.

"அப்ப பிள்ளைய வீட்டை ஒரு பார்வை பாத்துருவோம். வீட்டுக்கு ஒரு ஆளா அனுப்புதேன். எந்தப் பானைக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சுபோகும்" என்றார் தலைவியம்மா.

டீச்சர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் சொன்னார்கள்: "பிள்ளைய வீட்டுக்கு யாரும் போகவேண்டாம். எனக்குப் பத்து நாள் தாங்க. குறையுத நூலை நான் கொண்டாந்து வைக்கேன்."

அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஊர் முடிவு கட்டிவிட்டது. தலைமையாசிரியை தாழ்வாரத்துக்கு வெளியே பார்த்தார்கள். நான் என் கைக்குட்டையை நான்காக மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். முதலாளி வீட்டம்மாவை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. இதை மறைத்து எழுதினால் டீச்சருக்கு நான் செய்யும் இரண்டாவது துரோகம்.

அந்தப் பத்து நாளில் முதல் நாலு நாள் டீச்சரோடு கடை கடையாக அலைந்தேன். வாயைத் திறக்காததற்கு என் கால்களை வருத்திக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக் கடைகளில் சிவப்பு உல்லன் இருந்தது, ஊதா இருந்தது. எல்லாம் சடைக்குஞ்சம் கட்டுவதற்கு.

"காக்கியா? காக்கி பூராவும் சண்டைக்குப் போயிட்டுல்லா" என்று சிரித்தார் ஒரு கடைக்காரர். வெள்ளை இருக்கிறதா என்று கேட்டதற்கு, உள்ளேயிருந்து ஒரு சின்னக் கண்டை எடுத்து வந்து விலை சொன்னார். சுட்டதுபோல் அதைக் கீழே வைத்தார்கள் டீச்சர்.

"எம்புட்டு அநியாயம்யா இது!"

"வேணும்னா வாங்குங்க. இல்லாட்டி அடுத்த வாரம் இதுவும் இருக்காது."

ஆடு மேய்ப்பவர்களிடம் பழைய கம்பளி வாங்கிப் பிரிக்கலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். டீச்சர் ஒன்றை வாங்கிக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்கள். "இதுல காலுறை பின்னினா சிப்பாய் துப்பாக்கியக் கீழ போட்டுட்டுக் காலைத்தான் சொறிவான்" என்றார்கள். அந்தப் பத்து நாளில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் ராஜபாளையம் பஜாரில் தெலுங்கு பேசும் ஒரு அம்மாள் நடத்திய வளையல் கடையில்தான் கிடைத்தது. முதலில் அந்த அம்மாளும் "லேதம்மா" என்று கையை விரித்தார்கள். டீச்சர் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். மகள் பிரசவத்துக்காக வாங்கி வைத்த வெள்ளை உல்லன். அங்கங்கே பூச்சி அரித்திருந்தது. விலையைக் கேட்டதும் டீச்சர் நூலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"உங்களுக்குப் பின்ன வருமா? பத்துப் பிள்ளைக் குல்லா பின்னித் தாங்க. கடையில தொங்கவிட்டு வித்துக்கிடுதேன். நூலை எடுத்துட்டுப் போங்க" என்றார்கள் அந்த அம்மாள். பெரிய வீடுகளில் காணாத மரியாதையை நான் அந்த வளையல் கடையில்தான் கண்டேன்.

கடைக்காரம்மாள் கொடுத்த ரோஜா நிற நூலில் பத்துக் குல்லாவையும் ஐந்து நாளில் முடித்தார்கள். சாப்பிட உட்கார்ந்தால்கூட இடது கையில் பின்னல் இருந்தது. பிறகு அந்த வெள்ளை நூலைக் கருவேலம்பட்டை கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கிக் காக்கியாக்கினார்கள். நிறம் கொஞ்சம் செம்மையடித்தது. மற்றபடி குறை சொல்ல முடியாது.

பத்தாம் நாள் ஒன்றேகால் ராத்தலைத் தட்டில் வைத்தார்கள். தலைவியம்மா புன்னகை செய்தார். "பாத்தியளா டீச்சர், தேடினா கெடைச்சிருதே!" என்றார்.

அடுத்த வாரம் தையலறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பதினெட்டு வருஷத் தையல் டீச்சரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். டீச்சர் போனார்கள். கொண்டை ஊசியை மட்டும் எடுக்கவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் கடையிலிருந்து முகம் வாடி வந்தார்கள். என்னவென்று கேட்டேன்.

"மழைப் பருத்தி எடை கூடக் காட்டும்லா? அதுக்காக மூட்டைக்கு இம்புட்டுன்னு ஈரக்கழிவு போடச் சொல்லுதாரு முதலாளி. எப்பவும் உள்ளதுதான். இந்த வருஷம் ரொம்பக் கழிக்காரு. பருத்தி வெளைச்சுக் கொண்டாந்த ஒரு சம்சாரி அழுதுட்டான்" என்றார்கள்.

குழம்புக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. "உல்லனும் அப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆட்டு மயிரு பஞ்சைவிட அதிகமா ஈரம் குடிக்கும். மழையில கொடுத்து வெயில்ல நிறுத்தா குறையத்தான செய்யும்? இது தெரியாதா?"

தெரியவில்லை. பிள்ளைகளுக்கு எடையும் அளவும் சொல்லிக்கொடுக்கிற எனக்குத் தெரியவில்லை. முதலாளி காதுக்குப் போய்விடுமோ என்று பயந்து, வீட்டில் ஏழு மாதம் இந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அலைச்சலும் இல்லை, பத்துக் குல்லாவும் இல்லை. நான் மடச்சி, சரி. சம்சாரியிடம் வாங்கும்போது ஈரத்துக்குக் கழித்தே மாடி கட்டின வீட்டுக்குமா தெரியாது?

திங்கட்கிழமையே தலைவியம்மாவிடம் போனேன். முழுதும் கேட்டுக்கொண்டார். காப்பியும் கொடுத்தார்.

"முடிஞ்ச கதைய ஏன் கிளறுதிய? அவிய நூலைக் கொண்டாந்து வச்சிட்டாவ, நானும் மறந்துட்டேன்" என்றார். நான் எழுந்தபோது, "உங்க வீட்டுக்காரர் நம்ம கடையிலதான நிக்காரு? நல்ல மனுசன்" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

டீச்சரிடம் சொன்னேன். கோபப்படுவார்கள், என்னோடு கிளம்பி வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்கள்.

"அப்ப ராஜாமணி எடுக்கலையா பாக்கியம்?" என்றார்கள். "குல்லாவுக்கு நூல் கேட்டாளே, நான் இல்லைன்னுட்டேனே, அவதான் எடுத்திருப்பான்னு நெனைச்சிட்டேன். தராசு பொய் சொல்லாதுன்னு நம்பிட்டேன். அந்தப் பிள்ளை மூஞ்சிய இத்தன மாசமா நான் நேரா பாக்கலட்டி. அதுக்கு நான் யாருகிட்ட போய் மன்னிப்புக் கேக்க?"

தன் பெயர் கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் ராஜாமணி வீட்டுக்குப் போய் அவள் தம்பிக்கு ஒரு குல்லா கொடுத்துவிட்டு வந்தார்கள். எதற்கென்று அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு யுத்தம் முடிந்தது. எனக்கு ராஜபாளையத்திலேயே வேலை கிடைத்ததால் இங்கே வந்துவிட்டேன். டீச்சர் கடைசிவரை ஒன்றாம் வகுப்பில்தான் இருந்தார்கள். பெயரைத் துடைத்துக்கொடுக்க யாரும் முன்வரவில்லை, நான் உள்பட.

அடக்கத்துக்கு என் வீட்டுக்காரரும் வந்தார்கள். குழியருகே தலைவியம்மா குடை பிடித்து நின்று பேசினார். "தவறு யாருக்கும் வரும். வந்த தவறைத் தானே நேர்செய்த உத்தமி நம் ஞானவடிவு டீச்சர்" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

பாப்பாத்தி டீச்சருடைய தகரப்பெட்டியை என்னிடம் கொடுத்தாள். இரண்டு சேலை, வேதபுத்தகம், அந்தப் பின்னல் ஊசி. அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில், கருவேலம்பட்டைச் சாயம் போட்ட நூல் ஒரு உருண்டை. பொட்டலத்தின் மேல் அவர்கள் கையெழுத்து: 'நாலு அவுன்ஸ். பங்குனி. இன்னும் குறையுது என்று வந்தால் கொடுக்க.'

இத்தனை வருஷம் இன்னொரு தடவையும் திருடி ஆவதற்குத் தயாராக இருந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சின்னத் தராசை எடுத்து மாட்டினார்கள். ஒரு தட்டில் நாலு அவுன்ஸ் படிக்கல், மறு தட்டில் அந்த உருண்டை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நூல் இருந்த தட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. அதில் யாரும் ஒரு இழைகூடச் சேர்க்கவில்லை.

"எழுது" என்றார்கள் அவர்கள். "நடந்தத நடந்தபடி எழுது. தராசு பிடிக்குத கைக்கு வேற கடையா கெடைக்காது?"

எழுதிவிட்டேன் அக்கா. பிந்திவிட்டது. உங்கள் நூலில் ஒன்றும் குறையவில்லை. போய் வாருங்கள்.