மூன்று முறை ஹாரன்

முருகனை நம்பும் என் சொந்தங்களே, போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் அக்கா தாலிக்கு நானே எமனாகியிருப்பேன்.

நான் திருத்தணிக்காரன். ரோட்டில் ஓடும் பெரிய கிரேன் ஓட்டுகிறேன். தடம் புரண்ட ரயில் பெட்டிகளைத் தூக்கவும் கூப்பிடுவார்கள். அன்று மணவூர்ப் பக்கம் ஒரு சரக்குப் பெட்டி தண்டவாளத்தை விட்டுச் சாய்ந்து கிடந்தது. தூக்குவதற்கு முன் கிரேனின் நான்கு இரும்புக் கால்களையும் விரித்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் கட்டை அடுக்க வேண்டும். மழையில் ஊறிய மண். ஆனாலும் ஒரு காலுக்கு மட்டும் ஒரே அடுக்கோடு விட்டுவிட்டேன். இருபது வருஷ அனுபவம் என்ற திமிர்!

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாரம் தரையை விட்டு எழும்பியதும் நான் மூன்று முறை ஹாரன் அடிப்பேன். எல்லோரும் திருத்தணி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு "அரோகரா" போடுவார்கள். அன்று அவசரத்தில் அதையும் மறந்தேன்.

பெட்டி ஆள் உயரம் எழும்பியது. அக்கா புருஷன் முனுசாமி பாவாவும் இரண்டு ஆட்களும் கிரேனுக்கு முதுகைக் காட்டி, பெட்டியின் ஓரத்துக்கு அடியிலேயே நின்று, கயிறு போட்டுப் பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். என் இருக்கை லேசாகச் சரிந்தது. எட்டிப் பார்த்தேன். அந்தக் கால் மண்ணுக்குள் புதைந்துகொண்டிருந்தது! பெட்டியை இறக்கினால் அவர்கள் மேல். இறக்காவிட்டால் கிரேனே அவர்கள் மேல்.

"ஓடு பாவா!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "முருகா, தப்பு என்னுது. அவர வுட்டுடு!" என்று அழுதபடி ஹாரனை அடித்தேன், ஒன்று, இரண்டு, மூன்று.

அடித்த பிறகுதான் உறைத்தது. இவர்கள் ஓட மாட்டார்கள், கும்பிடுவார்கள்!

கும்பிடத்தான் செய்தார்கள். கயிற்றை விட்டுக் கையைத் தூக்கித் திரும்பினார்கள். மலை இருந்த திசையில்தானே என் கிரேன் நின்றது! கும்பிட்ட கைகளுக்கு நேர் எதிரே அந்தக் கால். "அரோ" என்று தொடங்கிய பாவா, "டேய், காலு எறங்கிகினு போவுதுடா! ஓடுங்கடா!" என்று அலறி, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தார். உடனே பெட்டியைத் தரையில் வைத்தேன். அவர்கள் நின்ற அதே இடத்தில். கிரேன் தப்பித்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை!

இறங்கி ஓடிப் பாவா காலைப் பிடித்தேன். "கட்டைய நான்தான் கம்மியா வச்சிட்டேன் பாவா."

ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். "நீ அடிச்ச ஆரனாடா அது? அந்த முருகரே என் தோளத் தொட்டுத் திருப்புன மாதிரி இருந்திச்சி."

அடுத்த கிருத்திகைக்கு இருவரும் படியேறி மொட்டை போட்டோம். இப்போது கட்டையை அடுக்கி, பாவா ஏறிக் குதித்துப் பார்த்த பிறகுதான் வேலை. கும்பிடுவது இன்ஜின் போடுவதற்கு முன்னால். ஹாரன் ஆபத்துக்கு மட்டும்.

உங்கள் காலும் ஒருநாள் புதையலாம். வெட்கப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள். எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்காதீர்கள். நான் தப்பான ஹாரன்தான் அடித்தேன். தணிகை வேலன் சரியான பக்கம் திருப்பிவிட்டான்.