லேத்துக்கார வேலாமணி

எந்த இரும்பு வந்தாலும் வேலாமணி முதலில் அதைச் சங்கிலியில் தொங்கவிட்டு, சின்ன ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார். கணீரென்றால் தலையாட்டுவார். ‘டொக்’கென்றால் உள்ளே விரிசல், பேச்சில்லாமல் இறக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால், “செத்த சும்மா இருங்க. அது சொல்றதக் கேக்க வேண்டாமா?” என்பார்.

குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே, ஆற்றோரத்தில் தகரம் வேய்ந்த பட்டறை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகி, மேலே கணவர் லிங்கசாமியின் பழைய காக்கிச் சட்டை. சட்டைப் பையில் எப்போதும் பொட்டுக்கடலை. மெஷின் இரும்பைச் சீவும்போது ஒவ்வொன்றாக வாயில் போடுவார். வேலை சிக்கலானால் கடலை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பிறந்தது கோவை பீளமேட்டில், லேத் பட்டறைக் குடும்பத்தில். கல்யாணம் பேசியபோது நகையைக் குறைத்துக்கொண்டு இரும்பைச் சீவும் மில்லிங் மெஷினைச் சீர்வரிசையாகக் கேட்டு வாங்கி, லாரியில் மலையேற்றியவர். “நகையப் போட்டுட்டு எங்க போறது? இது சோறு போடும்” என்றாராம். போடத்தான் செய்தது. சுற்றுவட்டாரத் தேயிலை பேக்டரிகளின் ரோலர்களெல்லாம் தேய்ந்து இங்கேதான் வரும்.

பச்சைத் தேயிலையின் விலை விழுந்ததும் அந்த வரத்து நின்றது. இலை விற்ற காசு பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் தோட்டத்தைப் புதராக விட்டார்கள். லிங்கசாமி மெஷின் பிட்டராக இருந்த பேக்டரியும் மூடியது. பட்டறையில் மெஷின் சாக்குப் போர்த்திக் கிடந்தது. கோயமுத்தூருக்கே போய்விடலாம், பீளமேட்டு மச்சானே மெஷினை விலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்று லிங்கசாமி நச்சரித்தார். வேலாமணி மறுக்கவுமில்லை, கிளம்பவுமில்லை. “பாக்கலாங்க” என்பதோடு சரி.

அப்போதுதான் கேத்தியிலிருந்து சுப்பண்ணன் ஒரு ட்ராக்டர் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார். பள்ளத்து நிலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டவர். மூட்டைகளை மேலே தார் ரோட்டுக்கு ஏற்ற, மூடிய எஸ்டேட் ஒன்றின் ஷெட்டில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்து ட்ராக்டரை வாங்கியிருந்தார். அது பாதிப் பாரத்துக்கே முதல் வளைவில் மூச்சடைத்து நின்றது. கேரட்டோ தோண்டும் பருவத்துக்கு வந்துவிட்டது. மழை இறங்கினால் மண்ணுக்குள்ளேயே அழுகும்.

ஹெட்டைத் தட்டிப் பார்த்தார் வேலாமணி. கணீரென்றது.

“இது மண்ணெண்ணெய்க்குன்னே செஞ்ச இஞ்சினுங்ணா” என்றார். “நீங்க பெட்ரோலு ஊத்தறீங்க. உள்ள கம்ப்ரஷன் பத்தல. நம்ம மலையில காத்தும் மெலிசு. ஹெட்டோட அடியச் சீவுனா உள்ள எடம் குறையும், அமுக்கம் ஏறும். அப்பறம் இழுக்கும்.”

“அப்பன்னா நல்லா ஆழமாவே சீவிரு அம்மிணி.”

“சீவலாம். அந்தப் பக்கம் சூட்டத் தணிக்கிற தண்ணி ஓடற அறை இருக்குது. ஓட்டையாச்சுன்னா வேற ஹெட்டு எங்க போய்த் தேடுவீங்க? வெட்டுனது வெட்டுனதுதானுங்ணா. ஒட்டுப் போட இதென்ன சீலையா?”

நாற்காலி கொடுத்தும் சுப்பண்ணன் உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

தண்ணீர்த் துளைக்குள் வளைந்த கம்பியை விட்டுத் துழாவி, எங்கே துரு தின்றிருக்கிறது, எங்கே கனம் இருக்கிறது என்று பார்த்தார் வேலாமணி. மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து, ஹெட்டின் ஒவ்வொரு குழியும் எவ்வளவு கொள்கிறதென்று அளந்தார். சுவரில் சாக்கட்டியால் கணக்குப் போட்டு, அழித்து, மறுபடி போட்டார். பிறகு மெஷின்மேல் கிடந்த சாக்கை உருவினார். முதல் வெட்டுக்கு வெங்காயத் தோல் கனத்துக்கு மட்டும் கத்தியை இறக்கினார். கறுத்த இரும்பு கோடு கோடாக வெளுத்து வந்தது. பொட்டுக்கடலை அன்று மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிற்று.

ஹெட்டைப் பூட்டக் கேத்திக்குத் தானே போனார். கூடவே ஒரு தூக்குப் போசியில் பிசைந்த சப்பாத்தி மாவு. சாப்பாடென்று நினைத்து சுப்பண்ணன் வீட்டார் இலை போட்டார்கள். வேலாமணி மாவை உருட்டிப் பிஸ்டன்களின் தலையில் அப்பி, ஹெட்டை மூடி முடுக்கி, கையாலேயே இன்ஜினைச் சுற்றிவிட்டுத் திறந்தார். மாவை பிளேடால் அறுத்துக் கனம் பார்த்தார். மூன்றில் இடைவெளி தாராளம், நான்காவதில் மாவு நசுங்கிக் காகிதமாகியிருந்தது. அப்படியே ஓட்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஹெட்டைக் கழற்றி, பட்டறைக்குத் தூக்கிவந்து, அந்த வால்வை மட்டும் அரைத்துக் கொஞ்சம் உள்ளே இறக்கி உட்காரவைத்து, மறுநாள் திரும்பப் போனார். அன்றைக்கு மாவு நாலிலும் ஒரே கனம். லிங்கசாமியும் உடன் வந்து போல்ட்டுகளை முடுக்கினார். கோயமுத்தூர்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

டிரெய்லரில் முழுப் பாரம் ஏற்றினார்கள். கேரட் தோண்டிய பெண்கள் மண் கையோடு வரப்பில் நின்றார்கள். சுப்பண்ணன் முருகனைக் கும்பிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி நின்றுவிட்டால் பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஆள் வேண்டும். அதை வேறு யாரிடமும் விடாமல், தேங்காய் கனத்துக்கு ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டு வேலாமணியே டிரெய்லருக்குப் பின்னால் நடந்தார்.

முதல் வளைவில் புகை கறுத்தது, சத்தம் தாழ்ந்தது. அவர் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ட்ராக்டர் திணறிற்று, நிற்கவில்லை. வளைவைத் தாண்டிற்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வேலியோரம் கூடவே நடந்தபடி, தன் தண்ணி மோட்டாரையும் ஒருதரம் பார்க்க முடியுமா என்று கேட்டார். “ஏத்தம் முடியட்டுங்க” என்றார் வேலாமணி, டிரெய்லரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது வளைவு வந்தது. இருக்கிறதிலேயே செங்குத்தான இடம். மேலே தார் ரோடு இன்னும் பாதி தூரம். சுப்பண்ணன் திரும்பிப் பார்த்தார். வேலாமணி இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தார், சத்தம் தாழவில்லை. குனிந்து, கல்லைப் பாதையோரம் ஒரு தேயிலைச் செடியின் தூரில் வைத்துவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறினார்.