அன்னபாக்கியம் ஆன்ட்டியின் ஏச்சும் காளிதாஸின் கிட்டாரும்

மெர்லிமாவ் ஊரில் காளிதாஸின் முகம் தெரியாதவர் இருக்கலாம். அவன் கிட்டார் எட்டாத காது கிடையாது. காலஞ்சென்ற வீரப்பன் மகன், பெத்தம்மாளுக்கு மூத்தவன், முனுசாமி வீட்டு மருமகன். பகலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டுவான். சனி ஞாயிறு வந்தால் மருதமுத்துவின் கல்யாணக் கச்சேரிக் குழுவில் கிட்டார்காரன்.

போன வருஷம் காலால் மிதிக்கிற எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று வாங்கினான். ஒரு பொத்தானை மிதித்தால் கிட்டார் சும்மா கிணுகிணுக்கும். இன்னொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். அடுத்ததை மிதித்தால், பாரம் ஏற்றிய லாரி மேடேறுகிற மாதிரி உறுமும். அத்தனையையும் அவன் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் தயார் செய்தான். பெண்டாட்டி உஷாராணி நாடகம் பார்க்கும்போது வேறெப்படிச் செய்வது? காதுக்குள் எல்லாம் ஒரே சீராகத்தான் இருந்தது.

மேடையில் வேறு கதை. பாயா ரும்புட் ஊர்க் கல்யாணத்தில் கிணுகிணுப்பு முன்வரிசைக்கே எட்டவில்லை. அடுத்து உறுமலை மிதித்தான் பாருங்கள், மாப்பிள்ளையின் மாமா ரசத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"மச்சான், அடுத்த வாரம் டுரியான் துங்கால்ல பெரிய எடம். இன்னொரு தரம் இப்படி வெடிச்சா நீ வூட்டுலயே இருந்துக்க. கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வருது லா," என்றான் மருதமுத்து.

கிட்டாரைப் பிடுங்கிவிட்டால் காளிதாஸ் வெறும் லாரிக்காரன். அது அவனுக்கே தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தான். குழுவின் பெரிய ஸ்பீக்கரை வீட்டு வாசலில் இறக்கி, மேடைச் சத்தத்துக்கே திருகினான். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி வால்யூம் உண்டு. எதை ஏற்றுவது, எதை இறக்குவது? உறுமலைக் கேட்டுக் கேட்டு அவன் காதே மந்தமாகிவிட்டது. உஷாராணியைக் கேட்டால், "எல்லாமே ஜாஸ்திதான்," என்றாள்.

வழி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே அன்னபாக்கியம் ஆன்ட்டி, யாழ்ப்பாண வம்சம், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மத்தியானத் தூக்கம் அவருக்கு முக்கியம். கிணுகிணுப்புக்கு அவர் அசையவில்லை. எதிரொலிக்கு ஜன்னல் திறந்தது. "தம்பி, கொஞ்சம் குறையும்!" உறுமலுக்கு ஆளே வேலியருகில் வந்துவிட்டார்.

"காளிதாஸ்! உமக்கென்ன விசரே? என்ர வீட்டுச் சுவரெல்லாம் ஆடுது!"

காளிதாஸ் முகத்தில் கள்ளச் சிரிப்பு. அவர் உள்ளே போனதும் கிணுகிணுப்பை ஜன்னல் திறக்கும்வரை ஏற்றினான். உறுமலை, ஆன்ட்டி வேலிவரை வராமல் ஜன்னலோடு நிற்கும்வரை இறக்கினான். ஒரே அழுத்தமாகத் தந்தியை மீட்டுவான்; ஏச்சுக்குக் காத்திருப்பான்; திருகுவான். கடைசியில் எதை மிதித்தாலும் ஒரே ஜன்னல், ஒரே "கொஞ்சம் குறையும்!"

"ரொம்ப நன்றி ஆன்ட்டி!"

"ஏசினதுக்கு நன்றியோ?"

"அதுக்குத்தான் ஆன்ட்டி!"

டுரியான் துங்கால் மண்டபத்தில் எந்தப் பொத்தானை மிதித்தாலும் சத்தம் சமமாக நின்றது. யாரும் திடுக்கிடவில்லை. ஆனால் மருதமுத்து மட்டும் பாடிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தான். பாட்டு முடிந்ததும் மைக்கை மூடிக்கொண்டு கிட்டே வந்தான்.

"சத்தம் சரியாயிருச்சு மச்சான், நீ இருந்துக்க. ஆனா கிணுகிணுன்னு வாசிச்சியே, அந்த மெலடி பாட்டு... ஒரு வருஷமா இப்படித்தான் தப்புத் தப்பா வாசிக்கிறியா?"

"இத்தன நாளா கேக்கலேல்ல?"

"இப்ப மண்டபமே கேட்டுச்சுடா!"

மருதமுத்து திரும்பியதும் காளிதாஸ் மெல்லக் குனிந்தான். கிணுகிணுப்பின் வால்யூமை மட்டும் ஒரு நூல் இறக்கி வைத்தான்.