அத்தைக்கு இல்லாத சீட்

ஏர்போர்ட்டிலிருந்து அத்தையைக் கூட்டிவர ஒரு கார் போதும் என்றுதான் அப்பா முதலில் சொன்னார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? எங்கள் ஊர் மில் மூடிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் மில்லின் லைன் வீடுகளில் இருந்த சனத்துக்கு, ஒரே சங்குக்கு எழுந்து ஒன்றாக ஷிப்டுக்குப் போன பழக்கம் விடவில்லை. எங்கே போனாலும் கூட்டமாகத்தான் போவார்கள். "நாங்க வரலேன்னா தங்கச்சி என்ன நெனைக்கும்ணே?" என்று ஒவ்வொருவராக வந்து சேர, கார் வேனாகி, வேன் கடைசியில் டூரிஸ்ட் பஸ்ஸாகிவிட்டது.

பஸ் என்றால் அப்படி ஒரு பஸ்! ஏசி, சாய்த்துக்கொள்ளும் சீட், குஞ்சம் வைத்த திரை, பட்டப்பகலிலும் எரிகிற ஊதா விளக்கு. முன்கண்ணாடியில் யார் கல்யாணத்துக்கோ ஒட்டிய 'மணமகன் வீட்டார்' என்ற தாள்கூடக் கிழிக்கப்படாமல் இருந்தது. நான் ஏறும்போது படியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன். எனக்குப் பஸ் ஒத்துக்காது. அதனால் அம்மா என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்து, "மோந்துக்கிட்டே வாடி, கக்கிவச்சு மானத்த வாங்கிறாத" என்றாள். அவள் மடியில் பாப்பா இருந்தது.

பாப்பா அத்தையின் மகள். மில் மூடி மாமாவுக்கு வேலை போனபின், பாப்பா தவழ்ந்துகொண்டிருக்கும்போதே, அத்தை அரபு நாட்டில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டாள். மாமாவுக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் நேரங்காலமில்லாத வேலை. ஆகவே பாப்பாவை வளர்த்தது என் அம்மாதான். அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். அம்மாவை அது 'அம்மா' என்றே கூப்பிடும். "அத்தைன்னு சொல்லுடா" என்று அம்மா கொஞ்ச நேரம் திருத்துவாள், அப்புறம் "என்னடா தங்கம்?" என்று கேட்டுவிடுவாள். போனில் மட்டுமே முகம் பார்த்திருந்த பெற்றவளுக்குப் பாப்பா வைத்திருந்த பெயர் 'போன் அம்மா'.

அவனியாபுரத்தைத் தாண்டும்போதே ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கியது. பஸ்ஸே எழுந்து நின்று கத்தியது. ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடியது. உள்ளே யாரோ ஒளிந்து நின்று இழுக்கிறார்கள் என்று நான் சத்தியமாக நம்பினேன். அந்தக் கதவு திறந்துதான் அத்தை வந்தாள். கறுப்புக் கண்ணாடி, தங்க நிற வாட்ச், பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டி. எனக்கு வாய் மூடவில்லை.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, அம்மாவின் இடுப்பில் இருந்த பாப்பாவிடம் இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா தங்கம், அம்மாடா." பாப்பா வீல் என்று அலறி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நீட்டிய கைகளை என்ன செய்வதென்று அத்தைக்குத் தெரியவில்லை. மாமா பெட்டிகளைத் தூக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

அடுத்த கூத்து பஸ்ஸில் நடந்தது. துண்டு போட்டு இடம்பிடித்தே பழகிய சனம், முண்டியடித்து ஏறி உட்கார்ந்துவிட்டது. கடைசியாக ஏறிய அத்தைக்குச் சீட்டே இல்லை! யாரை அழைக்க வந்தோமோ அவளுக்கு இடம் வேண்டும் என்று அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்தார்கள். "நீங்க இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அத்தை சீட்டுகளுக்கு நடுவே நடைவழியில் பெட்டியைப் போட்டு, எங்கள் சீட்டை ஒட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சாக்லேட் நீட்டினாள். பாப்பா சாக்லேட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டது. "அங்க ரெண்டு புள்ளைகள வளத்தேன் மதினி" என்றாள் அத்தை. "நான் கெளம்பையில போகாத போகாதன்னு அம்புட்டு அழுகை அழுதுச்சுக." அம்மா தன் முந்தானை நுனியை எடுத்துப் பாப்பாவின் கையில் கொடுத்தாள். கப்பலூர் வருவதற்குள் பாப்பா தூங்கிப்போனது.

சமயநல்லூர் நெருங்கும்போது அம்மா மெல்ல எழுந்தாள். "எனக்குக் கால் மரத்துப் போச்சும்மா. இங்கன உக்காந்து செத்த நேரம் புள்ளையப் புடி." பாப்பாவை அத்தையின் மடியில் கிடத்தினாள். அதன் சுண்டுவிரலில் சுற்றியிருந்த தன் முந்தானையைப் பூவைப் பிரிப்பது போல் பிரித்து, அங்கே அத்தையின் முந்தானையைச் சுற்றிவிட்டாள். பிறகு பஸ்ஸின் கடைசிக்குப் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

"மில்லு தெரியுது!" என்று யாரோ கத்தினார்கள். வயல்களுக்கு அப்பால் புகையில்லாத புகைபோக்கி. அந்தச் சத்தத்தில் பாப்பா கண் விழித்தது. தன்னை வைத்திருந்தவளின் முகத்தைப் பார்த்தது. அழப்போகிறது என்று எனக்குத் திக்கென்றிருந்தது. அது விரலில் இருந்த முந்தானையைப் பார்த்தது, கையை நீட்டி அத்தையின் மூக்குத்தியைத் தொட்டது. "போன் அம்மா" என்றது. அத்தை சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.

இந்த அதிசயத்தைச் சொல்ல நான் பின்னால் ஓடினேன். அம்மா திரைக்குள் முகத்தை வைத்திருந்தாள். கண் சிவந்து, மூக்கு வழிந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாத கோலமா அது? பாவம், குமட்டுகிறது என்று நினைத்து, என் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி ஊர் வரும்வரை மோந்துகொண்டே வந்தாள்.

மில் கேட்டில் இறங்கியதும், அம்மாவுக்கும் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவும் ஆமாம் என்றாள். அத்தை மட்டும் பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே வந்து, இன்னொரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் விடவே இல்லை.