பொன்னுதுரை ஒரு டாக்சியின் காலில் விழுந்த கதை

மெக்கானிக் பொன்னுதுரை ஒரு டாக்சியின் காலில் விழுந்தார், கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகுதான் அந்த வண்டியின் கிளச்சு சொன்ன பேச்சைக் கேட்டது என்று காஜா பேராங் கோப்பிக் கடையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். டாக்சிக்கு ஏது கால் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதை நின்றுபோகும், கோப்பியும் ஆறிப்போகும். உண்மையில் நடந்தது வேறு. அதை முதலிலிருந்து கேளுங்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம் இருக்கும். பொன்னுதுரைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பெட்ரோல் இல்லாமல் லாரிக்குக் கரி போட்டு ஓட்டிய ஜப்பான்காரன் காலத்தில் தொழில் பழகியவர். மாரியம்மன் கோயிலைத் தாண்டி, கோப்பிக் கடைக்கு எதிரே, ரம்புத்தான் மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது சொந்தக்காரன் உள்ளே இருக்கக் கூடாது.

"நீ ஆயிரம் சொல்லுவ. வண்டி ஒண்ணுதான் சொல்லும். எறங்கு" என்பார்.

பதினைந்து வருஷம் அந்த வழக்கம் அவரைக் கைவிடவில்லை. அதனால் அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை நல்லையா தன் டாக்சியோடு வந்தான். ஜப்பான் சண்டைக்கு முந்தைய கறுப்பு வண்டி. வாங்கிய அன்று மாரியம்மன் சன்னதியில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்த வண்டிதான் கோட், டை எல்லாம். அவன் கையில் ஒரு கடிதம் இருந்தது. வியாழக்கிழமை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும், தேறாவிட்டால் டாக்சி பெர்மிட் போய்விடும்.

"மொத கியர் போட்டா கர்ருனு கத்துதுண்ணே. பின்னால எடுத்தாலும் கத்துது. பெர்மிட் போச்சுன்னா நான் மறுபடி தோட்டத்துல பால் வாளியத் தூக்கணும்."

"எறங்கு."

நல்லையா இறங்கி மரத்தடியில் நின்றான். பொன்னுதுரை ஏறி கோயில் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. பெடலை மிதித்தால் கிளச்சு சுத்தமாக விட்டுக்கொடுத்தது, கியர் வெண்ணெயில் கத்தி போல் இறங்கியது. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நல்லையாவின் முகம் அப்படி இருந்தது. சூடேறினால் கிளச்சு முழுசாக விடாமல் பிடிக்கிறதாக்கும் என்று தானே முடிவுகட்டி, வண்டிக்கு அடியில் படுத்து, கிளச்சுக் கம்பியின் நட்டை நன்றாக முடுக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கத்தல் நின்றுவிட்டது. வண்டி ஏறுவதும் நின்றுவிட்டது. ஒரு மேட்டில் இன்ஜின் ஊரைக் கூட்டியது, சக்கரம் மட்டும் ஊர்ந்தது, தீய்ந்த நாற்றம் வேறு. பின்னால் உட்கார்ந்திருந்த தவுக்கே, ஒரு சீன முதலாளி, குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடந்தார். வண்டியைவிட அவர் முன்னால் போய்ச் சேர்ந்தார்.

புதன்கிழமை காலை வண்டி மறுபடி பட்டறைக்கு வந்தது. எதிரே கோப்பிக் கடை ஜெயபாலன் இந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"என்ன நல்லையா, நாட்டையே விட்டுட்டுப் போயிட்டான் வெள்ளக்காரன். ஒன் கிளச்சு மட்டும் விட மாட்டேங்குதா?"

நல்லையா சிரிக்கவில்லை. பொன்னுதுரையும் சிரிக்கவில்லை. பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். தொட்டவுடனே கனத்தது. மிதிக்கும் முன் ஒரு விரல்கடை சும்மா ஆட வேண்டும். அந்த ஆட்டத்தைத் தானே முடுக்கித் தின்றிருந்தார். சும்மா இருக்கும்போதும் கிளச்சு பாதி மிதித்த மாதிரியே இருந்தால் பிளேட் வழுக்காமல் என்ன செய்யும்? நட்டைத் தளர்த்தி, விரல்கடை ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தார். மேடும் ஏறியது, கியரும் விழுந்தது.

நல்லையா ஏறி தெருமுனை வரை ஓட்டித் திரும்பி வந்து, மறுபடி கியரைப் போட்டான். கர்ர்ர்.

"நீங்க ஓட்டுனா அடங்கிப் போவுது, நான் ஓட்டுனா கத்துது. என்னைத்தாண்ணே அதுக்குப் புடிக்கல."

 பொன்னுதுரை கையைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாளாக வண்டியைத்தான் விசாரித்திருக்கிறார். ஓட்டுகிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து வருஷத்தில் செய்யாததைச் செய்தார். மறுபக்கக் கதவைத் திறந்து நல்லையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஓட்டு. நான் ஒண்ணும் சொல்லல."

கியரைப் பார்க்கவில்லை, நல்லையாவின் காலைப் பார்த்தார். வெறுங்கால்.

"செருப்பு எங்கடா?"

"அம்மன் சன்னதியில பூசை போட்ட வண்டிண்ணே. நான் செருப்போட ஏற மாட்டேன். கழட்டி கீழ, காலடியிலதான் வச்சிருக்கேன்."

"நிறுத்து."

வண்டி கோப்பிக் கடைக்கு எதிரே நின்றது. பொன்னுதுரை இறங்கிச் சுற்றி வந்து, ஓட்டுநர் கதவருகே முழங்கால் போட்டு, தலையைப் பெடலுக்கு அடியில் விட்டார். லாரி டயரில் வெட்டிய செருப்பு, ஒவ்வொன்றும் இரண்டு விரல் கனம். வண்டி குலுங்கக் குலுங்க ஒன்று நகர்ந்துபோய்க் கிளச்சுப் பெடலுக்கு நேர் கீழே படுத்திருந்தது. பெடல் முக்கால்வாசி இறங்கி அதன்மேல் முட்டிக்கொண்டது. கிளச்சு எங்கே முழுசாக விடும்? பட்டறையில் இறங்கும்போதெல்லாம் நல்லையா அதைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். வியாதி அவனோடு சேர்ந்தே மரத்தடிக்குப் போய் நின்றிருக்கிறது.

இடுப்பு பிடித்துக்கொண்டது. முழங்காலிலேயே நிமிர்ந்து, செருப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

"என் தப்புதாண்ணே" என்றான் நல்லையா.

"பாதிதான் ஒன்னுது. மொத நாளே ஒன்னப் பக்கத்துல ஒக்கார வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நல்லா இருந்த கிளச்ச நான்தான் முடுக்கிக் கெடுத்தேன். மன்னிச்சுக்க."

கோப்பிக் கடைக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் எட்டியது. ஏந்திய கையும் தெரிந்தது. போதாதா?

வியாழக்கிழமை செருப்பு பின்பக்கப் பெட்டியில் பயணம் செய்தது. சோதனை அதிகாரி பூட்ஸோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்லையா அம்மனை நினைத்து ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, கியரைப் போட்டான். வண்டி கத்தாமல் கிளம்பி, கத்தாமல் திரும்பி வந்தது. பெர்மிட் தங்கியது.

அதிலிருந்து பொன்னுதுரை சொந்தக்காரனை இறங்கச் சொல்வதில்லை. "ஒக்காரு, வழக்கம்போல ஓட்டு" என்பார். சிலர் ஓட்டுவதைப் பார்த்தால் கோளாறு வண்டியில் இல்லை என்பது தெருமுனைக்குள் தெரிந்துவிடும்.

போன வாரம் அவர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஜெயபாலன் புதிதாக வந்த ஒருவரிடம் பழைய கதையை ஆரம்பித்தான். பொன்னுதுரை முழுசாகக் கேட்டார். குவளையைக் கீழே வைத்தார்.

"வண்டி கால்ல எவன்டா விழுந்தான்? செருப்ப எடுக்கக் குனிஞ்சேன். மன்னிப்பு கேட்டது நல்லையாகிட்ட. வண்டி ஒரு தப்பும் பண்ணல."